விசில் எந்தப் பக்கம் சாய்கிறது? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் உள்ளூர்ச் சாய்வை அளப்பது எப்படி

வெளியூர் அணி மீது 24 ஃபவுல், உள்ளூர் அணி மீது 13. இப்படி ஒரு பாக்ஸ் ஸ்கோர் (ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாள்) வந்துவிட்டால் போதும், தோற்ற பக்கத்து ரசிகர்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த 11 ஃபவுல் வித்தியாசத்தில் நடுவர்கள் சேர்த்தது எவ்வளவு, வெளியூர் அணி தானே தேடிக்கொண்டது எவ்வளவு என்று அந்த ஒரு தாளை வைத்துச் சொல்ல முடியாது. பிரித்துக் காட்டுவதற்கு ஒரு விரிதாள், சில சீசன்களின் பதிவுகள், கொஞ்சம் பொறுமை, இவை போதும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் முதல் பிரிவு ஆண்கள் ஆட்டத்தை மனதில் வைத்து இங்கே முறை சொல்லப்படுகிறது. பெண்கள் ஆட்டத்தில் விதி மாறும் இடங்கள் அங்கங்கே குறிக்கப்பட்டுள்ளன.

ஃப்ரீ த்ரோவை எண்ணாதீர்கள், ஃபவுலை எண்ணுங்கள்

பலரும் முதலில் எடுப்பது ஃப்ரீ த்ரோ கணக்கு, அதாவது எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிதல்களின் கணக்கு. அது ஏமாற்றும் எண். ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பாதியில் அணியின் 7ஆவது ஃபவுல் வரும்வரை, எறியும்போது நடக்காத சாதாரணத் தடுப்பு ஃபவுலுக்கு ஃப்ரீ த்ரோ இல்லை. 7, 8, 9ஆவது ஃபவுல்களுக்கு ‘ஒன் அண்ட் ஒன்’: முதல் எறிதல் விழுந்தால்தான் இரண்டாவது. 10ஆவதிலிருந்து இரண்டு எறிதல் உறுதி. 7ஆவதிலிருந்து வரும் இந்த நிலைக்குப் பெயர் ‘போனஸ்’. ஆக, ஒரு பாதியில் 6 ஃபவுல் வாங்கிய அணிக்கும் 10 ஃபவுல் வாங்கிய அணிக்கும் இடையே ஃபவுலில் வித்தியாசம் 4. ஃப்ரீ த்ரோவில் அதைவிடப் பெரிய பள்ளம் விழலாம். ஒன் அண்ட் ஒன்னில் முதல் எறிதலைத் தவறவிட்டால் கணக்கில் ஒரு முயற்சி, போட்டால் இரண்டு முயற்சி. எறிபவரின் கைத்திறமை நடுவரின் கணக்கில் கலந்துவிடுகிறது. பெண்கள் ஆட்டத்தில் 2015-16 முதல் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஒரு கால்பகுதியில் 5ஆவது ஃபவுலிலிருந்து நேராக இரண்டு எறிதல். இரண்டு ஆட்டங்களின் தரவையும் ஒரே பட்டியலில் கொட்டினால் எதுவும் விளங்காது.

ஆகவே அடிப்படை அளவு இதுதான்: வெளியூர் அணி மீது கூவப்பட்ட ஃபவுலில் இருந்து உள்ளூர் அணி மீது கூவப்பட்டதைக் கழியுங்கள். வருவது நேர்மறை எண் என்றால் விசில் உள்ளூருக்குச் சாதகம். இதற்கு ‘ஃபவுல் இடைவெளி’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஒரே ஆட்டத்துக்குள் இரு அணிக்கும் ஏறக்குறைய சமமான பொசஷன்கள்தான், அதாவது பந்தை வைத்துத் தாக்கும் முறைகள்தான், கிடைக்கும் என்பதால் அங்கே வேகத்துக்குத் திருத்தம் தேவையில்லை. ஆட்டத்தோடு ஆட்டத்தை ஒப்பிடும்போது தேவை. பொசஷனைக் கணிக்க: கூடை முயற்சிகள், கழித்தல் அஃபென்சிவ் ரீபவுண்ட் (தவறிய எறிதலைத் தாக்கும் அணியே மீண்டும் பிடிப்பது), கூட்டல் டர்னோவர் (எறியாமலே பந்தை இழப்பது), கூட்டல் ஃப்ரீ த்ரோ முயற்சிகள் பெருக்கல் 0.475. இந்தப் பெருக்கெண் கல்லூரி ஆட்டத்துக்கு உரியது. தொழில்முறை லீகான என்பிஏவுக்குப் புழங்கும் 0.44ஐ எடுத்துப் போட்டுவிடாதீர்கள். கிடைத்த ஃபவுல் இடைவெளியை 70 பொசஷனுக்கு மாற்றி வைத்துக்கொண்டால் எல்லா ஆட்டமும் ஒரே தராசில் நிற்கும்.

தரவும் அதன் அழுக்கும்

இஎஸ்பிஎன் தளத்திலும் என்சிஏஏவின் புள்ளிவிவரத் தளத்திலும் ஆட்டங்களின் பிளே-பை-பிளே பதிவுகள் (ஒவ்வொரு நிகழ்வையும் வரிசையாக எழுதியவை) கிடைக்கும். ஆர் மொழி தெரிந்தவர்களுக்கு இஎஸ்பிஎன் பதிவுகளை மொத்தமாக இறக்கித் தரும் ஹூப்ஆர் என்ற நிரல்தொகுப்பு இருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு நிகழ்வு என்று வைத்து இந்த நெடுவரிசைகளை நிரப்புங்கள்: ஆட்ட எண், தேதி, உள்ளூர் அணி, வெளியூர் அணி, நடுநிலைக் களமா, பாதி, மீதி நேரம், அப்போதைய ஸ்கோர், பந்து யாரிடம், நிகழ்வு வகை, யார் மீது, அதுவரை இரு அணிகளின் ஃபவுல் எண்ணிக்கை.

பிறகு சுத்தம் செய்யும் வேலை. ஒவ்வொரு ஆட்டத்திலும் பிளே-பை-பிளேவில் எண்ணிய ஃபவுல், பாக்ஸ் ஸ்கோரில் உள்ள ஃபவுலோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போகாத ஆட்டத்தைச் சரிசெய்ய உட்காராதீர்கள். தூக்கி வெளியே வையுங்கள். பந்து வைத்திருந்தவர் செய்த ஃபவுல், ஃபவுலாக ஒரு வரியும் டர்னோவராக ஒரு வரியும் வரும்; இரண்டு முறை எண்ணிவிடக் கூடாது. பயிற்சியாளர் மீதும் பெஞ்ச் மீதும் வரும், நடத்தைக்கான ஃபவுலான டெக்னிக்கலைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், அது வேறு கோபம். ஓவர்டைமில் இரண்டாம் பாதியின் ஃபவுல் கணக்கு அப்படியே தொடரும். அந்த ஐந்து நிமிடங்களை வெட்டிவிடுவதே நல்லது.

ஒரு எச்சரிக்கை. பாக்ஸ் ஸ்கோர் எழுதுவது உள்ளூர்க் கல்லூரி அமர்த்திய ஆட்கள். அசிஸ்ட், பிளாக், ஸ்டீல் போன்றவற்றில் அவர்களுடைய தாராளம் கலந்திருக்கும். ஃபவுல் அப்படியல்ல, நடுவர் மேசைக்குச் சைகை காட்டி, ஆட்டக்காரரின் எண்ணைச் சொல்லிப் பதிவாவது. உள்ளூர்ச் சாய்வை ஆராயக் கிளம்பி எழுத்தரின் சாய்வை அளந்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

எந்த ஆட்டங்களை எடுப்பது

தப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். சீசன் முழுவதையும் அள்ளிப் போட்டுச் சராசரி எடுத்தால் உள்ளூர் அணிக்குப் பிரமாதமான சாதகம் தெரியும். காரணம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடக்கும் ‘பை கேம்’கள். பெரிய கல்லூரி சின்னக் கல்லூரிக்குப் பணம் கொடுத்துத் தன் அரங்கத்துக்கு வரவழைத்து ஆடும். பதிலுக்குத் தான் அங்கே போகாது. குள்ளமான, மெதுவான அணி உயரமான, வேகமான அணியைத் தடுக்கப் பார்த்தால் ஃபவுல் விழத்தான் செய்யும். அதில் களத்தின் பங்கு எது, வலிமையின் பங்கு எது என்று பிரிக்கவே முடியாது. கான்ஃபரன்ஸுக்கு (கல்லூரிகள் சேர்ந்து அமைத்த லீக்) வெளியே நடக்கும் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் உள்ளூர் அணியின் கான்ஃபரன்ஸ் வழியாகவே நடுவர்கள் வருவார்கள் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

எடுக்க வேண்டியது கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள். அதிலும் ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் சொந்த ஊரில் ஒன்று, எதிரணியின் ஊரில் ஒன்று என ஆடும் முழு இரட்டைச் சுற்று. ஐவி லீகில் 8 அணிகள், அணிக்கு 14 ஆட்டம், மொத்தம் 28 ஜோடி. யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) திரும்பி வந்த 2020-21 முதல் பிக் ஈஸ்டில் 11 அணிகள், 20 ஆட்ட அட்டவணை, 55 ஜோடி. பிக் 12 பத்து அணிகளோடு இருந்த காலம், அதாவது 2022-23 வரை, 18 ஆட்டம், 45 ஜோடி. இவை மூன்றும் இந்த வேலைக்கென்றே அமைந்த தரவு. 2024 முதல் 18 அணிகளாகிவிட்ட பிக் டென் போன்ற பெரிய கூட்டங்களில் பல ஜோடிகள் ஒருமுறைதான் சந்திக்கும். திரும்பச் சந்தித்த ஜோடிகளை மட்டும் எடுங்கள்.

நடுநிலைக் களம் என்று எழுதியிருப்பதை நம்பி விடாதீர்கள். வட கரோலினா மாநிலத்து டியூக் அணி, அதே மாநிலத்தின் ஷார்லட்டிலோ கிரீன்ஸ்பரோவிலோ ஆடினால் காகிதத்தில் அது நடுநிலை. காது கொடுத்துக் கேட்டால் வேறு. பெண்கள் தேசியப் போட்டியில் முதல் 16 தர வரிசை அணிகள் முதல் இரண்டு சுற்றுகளைத் தங்கள் ஊரிலேயே நடத்துகின்றன. நடுவர்களை என்சிஏஏ நியமித்தாலும், உள்ளூர் அணிதான் வலிமையான அணி என்பதால் பை கேம் சிக்கல் இங்கேயும் உண்டு.

ஜோடிக் கணக்கு

‘ஆ’ அணியின் ஊரில் ‘பூ’ அணி ஆடியபோது பூ மீது 21 ஃபவுல், ஆ மீது 15. இடைவெளி 6. திரும்பப் பூவின் ஊரில் ஆடியபோது ஆ மீது 17, பூ மீது 18. இடைவெளி கழித்தல் 1. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 2.5, இது களத்தின் பங்கு. முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழித்துப் பாதியாக்கினால் 3.5, இது பூ அணியின் இயல்பு. எங்கே ஆடினாலும் ஆ அணியைவிட 3.5 ஃபவுல் கூடுதலாக வாங்கும் முரட்டு அணி அது. முதல் ஆட்டத்தை மட்டும் பார்த்தவர் 6 ஃபவுலையும் நடுவர் தலையில் கட்டியிருப்பார்.

எல்லா ஜோடிக்கும் இதைப் போட்டுச் சராசரி எடுங்கள். ஆட்டப் பாணி, உயரம், பயிற்சியாளரின் தடுப்பு முறை எல்லாம் கழிந்து போகும். இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் முக்கிய ஆட்டக்காரர் காயம்பட்டு வெளியேறினால் அது கழியாது. ஆனால் ஜோடிகள் கூடக் கூட அந்தத் தற்செயல் ஏற்றத்தாழ்வு அடங்கும்.

எத்தனை ஜோடி போதும்? ஓர் ஆட்டத்தின் ஃபவுல் இடைவெளிக்குத் திட்ட விலக்கம் 5 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பிறகு உங்கள் தரவிலிருந்தே கணித்து மாற்றிக்கொள்ளலாம். இரண்டு ஆட்டச் சராசரிக்கு விலக்கம் 3.5 ஆகும். ஐவி லீகின் ஒரு சீசன், 28 ஜோடி: திட்டப் பிழை சுமார் 0.67. உண்மையான சாய்வு ஒரு ஃபவுல் என்றால் இந்த அளவில் அது கண்ணுக்குத் தெரியும், நிரூபணமாகாது. ஐந்து சீசன், 140 ஜோடி: பிழை 0.30. இப்போது பேசலாம். ஒரே ஒரு கல்லூரியின் 15 சொந்த ஊர் ஆட்டங்களை மட்டும் எடுத்தால் பிழை 1.3. அதாவது ‘இந்த அரங்கத்தில் மட்டும் நடுவர்கள் மோசம்’ என்ற வாக்கியத்தை ஒரு சீசன் தரவு ஒருபோதும் தாங்காது. டியூக்கின் அரங்கமான கேமரன் இன்டோரைப் பற்றியும் கன்சாஸின் ஆலன் ஃபீல்ட்ஹவுஸைப் பற்றியும் எழுதப்படுவதில் பாதி இந்தக் கணக்கிலேயே விழுந்துவிடும்.

பல சீசன்களைச் சேர்க்கும்போது விதி மாறிய ஆண்டுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2013-14இல் கையால் தடுப்பதன் மீது கெடுபிடி வந்து ஃபவுல் எண்ணிக்கை ஏறியது. 2015-16இல் கூடைக்கடியில் உள்ள தடை வளைவு (இதற்குள் நிற்கும் துணைத் தடுப்பாளர் மீது மோதினால் பொதுவாகத் தாக்குபவர் மீது ஃபவுல் இல்லை) 3 அடியிலிருந்து 4 அடியானது, ஷாட் கிளாக் 35 நொடியிலிருந்து 30 ஆனது. 2023-24இல் சார்ஜ் (தடுப்பவர் மீது மோதியதற்காகத் தாக்குபவர் மீது விழும் ஃபவுல்) வாங்குவதற்கான நிபந்தனை இறுகியது: எதிராளி மேலெழும்பக் கால் ஊன்றும்போதே தடுப்பவர் தன் இடத்தில் இருக்க வேண்டும். ஜோடியின் இரண்டு ஆட்டங்களும் ஒரே சீசனில் இருந்தால் இவை பெரிதாகத் தொல்லை தராது.

கடைசி மூன்று நிமிடம்

பின்தங்கிய அணி கடிகாரத்தை நிறுத்துவதற்காக வேண்டுமென்றே ஃபவுல் செய்யும். பின்தங்குவது பெரும்பாலும் வெளியூர் அணி. எனவே ஆட்டத்தின் வால் பகுதி தானாகவே உள்ளூர்ச் சாய்வு போன்ற தோற்றம் தரும். நடுவர் அதில் வெறும் எழுத்தர். இரண்டாம் பாதியில் 3:00க்குக் கீழே உள்ள எல்லாவற்றையும், எல்லா ஆட்டத்திலும், ஸ்கோர் என்னவானாலும் வெட்டுங்கள். ‘நெருக்கமான ஆட்டங்களில் மட்டும் வெட்டுகிறேன்’ என்று ஆரம்பித்தால், எது நெருக்கம் என்பதை நீங்கள் முடிவு செய்யும் இடத்தில் உங்கள் விருப்பம் புகுந்துவிடும். 37 நிமிடக் கணக்கையும் 40 நிமிடக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடைவெளி எவ்வளவு சுருங்குகிறதோ, அவ்வளவும் நடுவர் மீது வீணாகச் சுமத்தப்பட்டிருந்த பழி.

ஃபவுலுக்கு ஃபவுல் பார்ப்பது

ஜோடிக் கணக்கு ‘சாய்வு இருக்கிறதா’ என்று சொல்லும். ‘எப்போது சாய்கிறது’ என்று சொல்லாது. அதற்கு ஒவ்வொரு விசிலையும் தனி வரியாக எடுக்க வேண்டும். இந்த வழியில் முன்னோடியான ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. 2004-05 சீசனின் 365 ஆண்கள் ஆட்டங்களை எடுத்துக்கொண்டது. அது கண்டது மூன்று. வெளியூர் அணி மீது அதிக விசில். முன்னிலையில் இருக்கும் அணி மீது அதிக விசில். எல்லாவற்றையும்விட வலுவானது மூன்றாவது: எந்த அணிக்கு அதுவரை ஃபவுல் குறைவோ, அடுத்த விசில் அந்த அணி மீது விழவே வாய்ப்பு அதிகம். உள்ளூர் அணியின் ஃபவுல் எண்ணிக்கை ஐந்தாறு கூடிப்போய் நிற்கும் நேரத்தில் அடுத்தது வெளியூர் அணி மீது விழும் வாய்ப்பு 70 சதவீதத்தை நெருங்குகிறது. கணக்கு நேராகும்வரை விசில் சும்மா இருப்பதில்லை.

முன்னிலை அணி மீது அதிக விசில் என்பதைக் கவனியுங்கள். உள்ளூர் அணிதான் பெரும்பாலும் முன்னிலையில் இருக்கும். ஆக இந்தப் போக்கு உள்ளூருக்கு எதிராக வேலை செய்து, சாய்வின் ஒரு பகுதியை மறைக்கிறது. மொத்த எண்ணிக்கையில் இரண்டு எதிரெதிர் விசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

நீங்களே போட்டுப் பார்க்க லாஜிஸ்டிக் ரெக்ரஷன் (ஆம், இல்லை என்ற விடையின் வாய்ப்பைக் காரணிகளோடு இணைக்கும் புள்ளியியல் முறை) போதும். விசிலை வரியாக வைப்பதைவிடப் பொசஷனை வரியாக வைப்பது நல்லது. ஃபவுல்களில் பெரும்பாலானவை தடுக்கும் அணி செய்வது. பந்து யாரிடம் என்பதை விட்டுவிட்டால் மற்ற எல்லாம் கோணலாகும். கேள்வி இதுதான்: இந்தப் பொசஷனில் தடுப்பு அணி மீது ஃபவுல் கூவப்பட்டதா, ஆம் அல்லது இல்லை. காரணிகள்: தடுப்பது வெளியூர் அணியா, இரு அணிகளின் ஃபவுல் வித்தியாசம், ஸ்கோர் வித்தியாசம், மீதி நேரம், போனஸ் நிலை, தாக்கும் அணி, தடுக்கும் அணி, சீசன். ஒரே ஆட்டத்தின் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டியவை என்பதால் திட்டப் பிழையை ஆட்டவாரியாகக் கொத்தாக்கிக் கணக்கிடுங்கள். இதை மறந்தால் எல்லாமே ‘உறுதி’ என்று வரும்.

விடையை வாசிப்பது எப்படி? ‘வெளியூர் அணி தடுக்கிறது’ என்ற காரணிக்குக் கெழு 0.12 என்று வந்தால் அதன் அடுக்குக்குறி மதிப்பு 1.127. ஃபவுல் விழும் சாதகப் பாதக விகிதம் 13 சதவீதம் கூடுகிறது. கேட்கப் பயங்கரமாக இருக்கும். இதையே 34 ஃபவுல் கூவப்படும் ஓர் ஆட்டத்தில் வைத்தால் ஏறக்குறைய 18க்கு 16. இரண்டு ஃபவுல். எழுதும்போது சதவீதத்தோடு நின்றுவிடாமல் இந்த எண்ணையும் சொல்லுங்கள்.

இந்த மாதிரியில் ஒரு கண்ணி உண்டு. ஸ்கோர் வித்தியாசத்தையும் ஃபவுல் வித்தியாசத்தையும் காரணியாகச் சேர்க்கிறோம். நடுவர்கள் முதல் பத்து நிமிடத்தில் சாய்ந்ததால்தான் அந்த ஸ்கோர் வந்தது என்றால், ஸ்கோரைச் சேர்ப்பது குற்றத்தின் தடயத்தையே துடைப்பது போலாகும். எனவே இரண்டு மாதிரி ஓட்டுங்கள்: அணி, சீசன், நேரம் மட்டும் உள்ளது ஒன்று, எல்லாம் உள்ளது மற்றொன்று. முதலாவது களத்தின் மொத்த விளைவு. இரண்டாவது, ஒரே சூழலில் நிற்கும் இரு அணிகளுக்கு நடுவே உள்ள வேறுபாடு. இரண்டையும் கலந்து பேசக் கூடாது.

‘ஃபவுல் குறைவான அணி மீது அடுத்த விசில்’ என்பதை முழுக்க நடுவரின் மனச்சாட்சிக் கணக்காக எடுத்துக்கொள்வதும் அவசரம். ஃபவுல் கூடிய அணி கையைச் சுருக்கிக்கொள்ளும். நான்கு ஃபவுல் வாங்கியவர் பெஞ்சில் உட்காருவார், ஐந்தானால் ஆட்டமே முடிந்தது. ஃபவுல் குறைவான அணிக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கித் தடுக்கத் துணிவு வரும். இதில் எவ்வளவு நடுவர், எவ்வளவு பயிற்சியாளர் என்று பிளே-பை-பிளே சொல்லாது.

மனித முடிவும் மணி முடிவும்

அணிகள் வெளியூரில் மோசமாக ஆடுகின்றன என்பதற்கும் மோசமாக நடத்தப்படுகின்றன என்பதற்கும் வேறுபாடு காண நல்ல வழி, டர்னோவர்களை இரண்டாகப் பிரிப்பது. ஒரு கூடையில் நடுவர் பார்த்து முடிவெடுப்பவை: ட்ராவலிங் (பந்தைத் தட்டாமல் நடப்பது), பந்து வைத்திருந்தவர் மீது கூவப்பட்ட ஃபவுல், மூன்று நொடி (கூடையடிப் பகுதியில் அதிக நேரம் நிற்பது). இன்னொரு கூடையில் நடுவருக்கு வேலையே இல்லாதவை: எதிராளி கையில் போய் விழுந்த பாஸ், பறிபோன பந்து, ஷாட் கிளாக் மணி. என்சிஏஏ தளத்தின் அண்மைய ஆண்டுப் பதிவுகளில் டர்னோவரின் வகையும் எழுதப்பட்டிருக்கும். வெறும் ‘டர்னோவர்’ என்று மட்டும் உள்ள பதிவுகள் இதற்கு உதவாது.

இரண்டு கூடையிலும் வெளியூர் அணிக்கு ஒரே அளவு கூடினால், அது பயணக் களைப்பு, பழகாத கூடை, பதற்றம். சில ஊர்களில் காற்றே காரணம்: வயோமிங் பல்கலைக்கழகத்தின் களம் கடல்மட்டத்திலிருந்து 7,220 அடி உயரத்தில் இருக்கிறது, இரண்டாம் பாதியில் கால் தாமதமாக வருவதற்கு நடுவர் என்ன செய்வார். முதல் கூடையில் மட்டும் கூடினால்தான் விசில் மீது சந்தேகம் நியாயம்.

இன்னொரு சோதனை: ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும் ஜோடிக் கணக்கில் போடுங்கள். அங்கே நடுவர் எதுவும் முடிவு செய்வதில்லை. அங்கேயும் பெரிய உள்ளூர் இடைவெளி வந்தால் உங்கள் தரவில் எங்கோ ஓட்டை இருக்கிறது. மேலே போகாமல் திரும்பிப் போய்ச் சுத்தம் செய்யுங்கள். வழக்கமான சீசனில் எந்தப் பந்தில் ஆடுவது என்பதையே உள்ளூர்க் கல்லூரிதான் முடிவு செய்கிறது. எறிதல் சதவீதத்தில் தெரியும் சின்ன வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

காலி அரங்கம்

கூட்டத்தின் சத்தம்தான் காரணமா என்று அறிய 2020-21 சீசன் ஓர் அரிய வாய்ப்பு. பெருந்தொற்றால் பல அரங்கங்கள் காலி, சிலவற்றில் சில நூறு பேர். ஆனால் ‘கூட்டம் இல்லை, ஆகவே இது தூய சோதனை’ என்று குதிக்காதீர்கள். அந்த ஆண்டு பல கான்ஃபரன்ஸ்கள் ஒரே அரங்கத்தில் அடுத்தடுத்த நாள்களில் இரண்டு ஆட்டம் வைத்தன. ஏராளமான ஆட்டங்கள் ரத்தாகின. ஐவி லீக் ஆடவே இல்லை. அணிகள் பயணம் செய்த விதமே மாறியிருந்தது. இந்த ஆண்டை முன் இரண்டு, பின் இரண்டு சீசன்களோடு வைத்து, அதே கான்ஃபரன்ஸ், அதே ஜோடிக் கணக்கில் மட்டும் ஒப்பிடுங்கள். வழக்கமான ஆண்டுகளில் பாக்ஸ் ஸ்கோரில் போடும் பார்வையாளர் எண்ணிக்கை பெரும்பாலும் விற்ற டிக்கெட்; உட்கார்ந்த தலைகள் அல்ல. பெருமழை நாளில் பாதி காலியான அரங்கத்துக்கும் முழு எண்ணே எழுதியிருப்பார்கள்.

வீடியோவில் சரிபார்ப்பது

எண்கள் ஒருபோதும் சொல்லாதது, அடிக்கப்படாத விசில். மோதல் நடந்தது, நடுவர் கையைத் தூக்கவில்லை. அது எந்தப் பதிவிலும் இல்லை. என்பிஏ 2015 மார்ச் முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிட முடிவுகளைத் தானே அலசி வெளியிடுகிறது. கல்லூரி ஆட்டத்தில் அப்படி ஒரு பொது ஆவணம் இல்லை. நீங்கள்தான் செய்ய வேண்டும்.

பத்து ஜோடி, அதாவது இருபது ஆட்டங்களைக் குலுக்கலில் எடுங்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும் ஆட்டங்களை எடுக்காதீர்கள், ஞாபகம் இருப்பதே ஏதோ நடந்ததால்தான். கூடையை நோக்கி ஓடி, உடல் உரசலோடு முடிந்த ஒவ்வொரு முயற்சியையும், விசில் அடித்தாலும் அடிக்காவிட்டாலும், ஆறு முதல் எட்டு நொடித் துண்டாக வெட்டுங்கள். விசில் ஒலிக்கும் முன் துண்டு முடிய வேண்டும். ஸ்கோர் பட்டையை மறையுங்கள். குறைந்தது மூன்று பேர், ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஃபவுலா இல்லையா என்று குறிக்கட்டும். பிறகு நடுவரின் முடிவோடு வைத்து நான்காகப் பிரியுங்கள்: சரியான விசில், தவறான விசில், சரியான மௌனம், தவறான மௌனம். தவறான மௌனம் எந்த அணிக்கு அதிகம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மதிப்பிட்டவர்களுக்குள் ஒப்புதல், தற்செயல் ஒப்புதலைக் கழித்துப் பார்க்கும் கப்பா அளவில், 0.6க்குக் கீழே என்றால் முடிவை ஒதுக்கி வைத்துவிட்டு, ‘ஃபவுல்’ என்பதற்கு உங்கள் வரையறையைத் திருத்துங்கள்.

இதில் தீராத சிக்கல் ஒன்று. உள்ளூர் அணி வெளிர் நிறம், வெளியூர் அணி அடர் நிறம் அணிவது மரபு. களத்தின் நடுவில் கல்லூரியின் சின்னமும் பெரிதாக இருக்கும். பார்ப்பவருக்கு யார் உள்ளூர் என்று தெரிந்துவிடும். இதைச் சுற்றிப் போக ஒரு வழி, துண்டுகளில் பாதியை அரங்க ஒலியோடும் பாதியை ஒலியில்லாமலும் குலுக்கிக் காட்டுவது. கால்பந்தில் 2002இல் இப்படி ஒரு சோதனை நடந்தது: தகுதி பெற்ற 40 நடுவர்களிடம் ஒரே ஆங்கில லீக் ஆட்டத்தின் 47 மோதல்களைக் காட்டினார்கள். கூட்ட இரைச்சலோடு பார்த்தவர்கள், ஒலியில்லாமல் பார்த்தவர்களைவிட உள்ளூர் அணி மீது 15.5 சதவீதம் குறைவாக ஃபவுல் சொன்னார்கள். படம் ஒன்றே, காதில் விழுந்தது மட்டும் வேறு. கூடைப்பந்தில் இதைச் செய்ய ஒரு மடிக்கணினியும் காது ஒலிப்பானும் போதும்.

புள்ளியாக மாற்றுவது

ஒரு ஃபவுல் என்றால் எத்தனை புள்ளி? 70 சதவீதம் ஃப்ரீ த்ரோ போடும் ஒருவருக்கு இரண்டு எறிதல் 1.4 புள்ளி. ஒன் அண்ட் ஒன் 0.7 கூட்டல் 0.49, அதாவது 1.19. சாதாரணப் பொசஷனே சுமார் ஒரு புள்ளி தரும். ஆக ஃபவுலால் கிடைக்கும் கூடுதல் 0.2 முதல் 0.4 வரைதான். போனஸுக்கு முந்தைய ஃபவுலுக்கு உடனடி மதிப்பு ஏறக்குறைய இல்லை. ஆட்டக்காரர் பெஞ்சுக்குப் போவதும் போனஸ் நெருங்குவதும்தான் அதன் விலை. கல்லூரி ஆட்டத்தில் சொந்தக் களத்தின் மொத்தச் சாதகம் சுமார் மூன்று புள்ளி என்பது கென்பாம் போன்ற தரவரிசைகளில் புழங்கும் அளவு. இரண்டு ஃபவுல் சாய்வு அதில் ஒரு புள்ளியை எட்டுவதே கடினம்.

பிளாக்கா (தவறு தடுத்தவர் மீது) சார்ஜா (தவறு தாக்கியவர் மீது) என்ற முடிவு மட்டும் வேறு ரகம். பந்து கூடையில் விழுந்து, தடுத்தவர் மீது பிளாக் என்றால் இரண்டு புள்ளியும் ஒரு ஃப்ரீ த்ரோவும், ஏறக்குறைய 2.7. அதே மோதலைச் சார்ஜ் என்றால் கூடை ரத்து, பந்தும் எதிரணிக்கு. சாதாரண ஃபவுல் பத்துக்கு இணையான ஊசலாட்டம் ஒரே கையசைவில். நேரம் குறைவாக இருந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் வீடியோவில் எண்ணுங்கள். தரவில் மிகச் செறிவான இடம் இதுதான். 2025-26இல் ஆண்கள் ஆட்டத்துக்கு வந்த பயிற்சியாளர் முறையீட்டில்கூட, இந்த மோதல்களைப் பொறுத்தவரை, உதவிக்கு வந்த துணைத் தடுப்பாளர் தடை வளைவுக்குள் நின்றாரா என்பதைத்தான் கேட்கலாம். பிளாக்கா சார்ஜா என்ற தீர்ப்பையே கேள்வி கேட்க முடியாது.

தனி நடுவரின் பெயரைச் சொல்லும் முன்

பாக்ஸ் ஸ்கோரில் மூன்று நடுவர்களின் பெயர்கள் இருக்கும். உடனே ‘இவர் வந்தால் உள்ளூர் அணி ஜெயிக்கும்’ என்று பட்டியல் போடும் ஆசை வரும். களத்தில் மூவர், லீட், சென்டர், ட்ரெய்ல் என்ற இடங்களில் ஆட்டம் நகர நகர மாறி மாறி நிற்பார்கள். எந்த விசில் யாருடையது என்று பிளே-பை-பிளே சொல்லாது. மூவரில் ஒருவரின் சாய்வை ஆட்டத்தின் மொத்த ஃபவுலில் தேடுவது, மூன்று பேர் சமைத்த குழம்பில் உப்புப் போட்டவரைத் தேடுவது. பல நடுவர்கள் ஒரே வாரத்தில் பல கான்ஃபரன்ஸுகளுக்கு ஊர் ஊராகப் போகிறவர்கள். கான்ஃபரன்ஸ் ஒருங்கிணைப்பாளர்கள் முக்கியமான, கடினமான அரங்கங்களுக்கு அனுபவம் மிக்கவர்களையே அனுப்புவார்கள். ஆகவே பெயர் பெற்ற நடுவரின் பட்டியலில் இயல்பாகவே வலிமையான உள்ளூர் அணிகள் நிறைந்திருக்கும்.

வேண்டுமென்றால் செய்ய வழி உண்டு. வீடியோவில் மேசைக்குச் சைகை காட்டுபவரைப் பார்த்து ஒவ்வொரு விசிலுக்கும் உரியவரைக் குறியுங்கள். ஓர் ஆட்டத்துக்கு முப்பதுக்கு மேல் விசில், அதில் ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு. ஒருவருக்கு 400 விசில் சேர நாற்பது ஆட்டம் பார்க்க வேண்டும். அந்த 400இல் பாதிக்குப் பாதி விழ வேண்டியது, தற்செயலாகவே 180 முதல் 220 வரை எங்கும் விழலாம். அதைத் தாண்டாதவரின் பெயரை எங்கும் எழுதாதீர்கள்.